கொவ்வைக் கொடிக்குப் போட்ட சங்கிலி

எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் ஒரு தடவையாவது கூகைக்கட்டு வந்திருக்கும். காதுக்குக் கீழே கன்னம் பொம்மி, புளிப்பை நினைத்தாலே தாடை நொந்து, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போதைய பிள்ளைகளுக்குச் சின்னதிலேயே ஊசி போட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வீங்கிய கன்னத்தின் பேரில் எங்களுக்குக் கிடைத்த விடுமுறை அவர்களுக்கு இல்லை.

போன மாதம் என் மகனுடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அவனுக்குப் பதினைந்து வயது. ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பதினொரு நாள் ஆனது. பயப்பட ஒன்றுமில்லை, நெறி கட்டியிருக்கிறது, தானாக வற்றிவிடும் என்றார்கள். அதை முதலே சொல்லிவிடுகிறேன். நீங்களும் என்னைப் போலக் காத்திருக்க வேண்டாம். ஆனாலும் நான் இன்னும் பழைய ஆளாகவில்லை. இந்த இடம்வரை எழுதிவிட்டு அவனைக் கூப்பிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். "அம்மா, காலையிலயும் பாத்தனீங்கள்" என்றான்.

அந்தப் பதினொரு நாளும் என் மனதில் திரும்பத் திரும்ப வந்தது ஒரு வேலி. சிறு வயதில் நாங்கள் இருந்த துறைமுகக் குவாட்டர்ஸின் கொவ்வை வேலி.

அப்பா துறைமுகக் கந்தோரில் கிளார்க். எந்த வீடு யாருக்கு, யார் மாற்றலாகிப் போனார், யார் வரக் காத்திருக்கிறார் என்று பதிகிற பெரிய நீலக் கொப்பி அவர் பொறுப்பில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மாமி, அவர்களுக்கு ஒரே மகள். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. இரண்டு வளவுக்கும் நடுவே நாலு வரி முள்ளுக்கம்பி போட்டிருந்தார்கள். கம்பி இருப்பதே தெரியாதபடி கொவ்வைக் கொடி மூடிக்கிடந்தது. மாரி மழை ஓய்ந்த அந்த நாட்களில் அது பச்சைச் சுவர் போல நிற்கும். வெள்ளைப் பூவும் சிவந்த பழமும், பழத்தைக் கொத்த வரும் குயிலும் என்று எப்போதும் அதில் ஏதாவது அசைந்துகொண்டிருக்கும்.

அந்த வேலி இரண்டு குசினிகளுக்கும் பொது. மாமாவுக்குச் சீனி வருத்தம். கொவ்வை இலை அதற்கு நல்லதென்று மாமி கிழமையில் மூன்று நாள் அதை நறுக்கிச் சுண்டல் போடுவார். அம்மா எங்கள் பக்கத்தில் பிடுங்குவார். "தங்கச்சி, இஞ்சால குருத்து நல்லா இரிக்கு, கைய நீட்டுங்க" என்று மாமி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிடி தருவார். ஆளை ஆள் பார்க்காமல், இலைக்குள் கையை விட்டுத்தான் அவர்களுடைய கதை எல்லாம் நடந்தது.

கூகைக்கட்டு முதலில் அவளுக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து எனக்கு. அம்மா தன் கழுத்திலிருந்த மெல்லிய தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். வீக்கத்தில் பொன் பட்டால் வற்றும் என்பது அவருடைய நம்பிக்கை. உங்கள் வீடுகளிலும் போட்டிருப்பார்கள். "கழட்டக் கூடாது. குளிக்கேக்கையும் கழட்டக் கூடாது" என்றார். அம்மாவிடம் இருந்த ஒரே சங்கிலி அது. தாலிக்கொடியைத் தவிர வேறு பொன் அவரிடம் இல்லை. மாமி தன் மகளுக்கு லெப்பையிடம் கொண்டுபோய் ஓதிய கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டார்.

அவளோடு சேரக்கூடாது என்பது அடுத்த கட்டளை.

"அங்கால போகாத. உனக்கும் ஒட்டிக்கொள்ளும்."

"எனக்கு ஏற்கெனவே இருக்குத்தானே அம்மா."

"அப்ப இன்னும் கூட ஒட்டும்."

இதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்தும் இன்றைக்கும் தெரியாது.

அதனால் நான் எங்கள் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கும் கல்லில் இருந்தேன். அவள் தன் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தாள். நடுவில் வேலி. தலையைச் சுற்றித் துணி கட்டி, காதடியில் நல்லெண்ணெய் மணக்க, வாயை அரைவாசி திறந்து நாள் முழுக்கக் கதைத்தோம். துறைமுகச் சங்கு ஊதும்போது மட்டும் நிறுத்துவோம். கத்திக் கதைத்தால் தாடை நொந்தது.

"இஞ்ச பாரு புள்ள, இதுக்கும் வந்திரிக்கு" என்றாள் ஒரு காலையில்.

கொடியின் தண்டில் ஓரிடத்தில் விரல் மொத்தத்துக்கு ஒரு வீக்கம். இரண்டு முனையும் ஒடுங்கி நடுவில் பொம்மியிருந்தது. பார்த்துப் போனால் அங்கொன்று, இங்கொன்று. மேலே பச்சையாய்ப் புதிது, கீழே காய்ந்து மண்ணிறமாய்ப் பழையது. வேலிக்கே கூகைக்கட்டு வந்திருந்தது. எங்களுக்கு அதைப் போல ஒரு சந்தோசம் இல்லை. அவள் தன் கன்னத்தை ஒரு வீக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, "எது பெரிசு, சொல்லு" என்றாள். "உன்ர" என்றேன். அவளுக்குப் பெருமை.

கொண்டை ஊசியால் ஒன்றைப் பிளந்தோம். உள்ளே பஞ்சு மாதிரிச் சதை. அதில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் குறுணி அரிசி அளவில் செம்மஞ்சள் நிறப் புழு. அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"வீட்ட உடைச்சுப் போட்டமே" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றையும் உடைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். வீடென்றால் பதிவு வேண்டும். அப்பாவின் நீலக் கொப்பியைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் கோடு போட்டேன். வீட்டு இலக்கம், இருப்பவர், வந்த நாள், போன நாள். ஒவ்வொரு வீக்கத்திலும் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நிற நூல் கட்டினோம். மொத்தம் பதினாறு வீடு. எல்லாவற்றிலும் நல்ல இடம் ஏழாம் நம்பர். கம்பிக் கட்டையோடு ஒட்டி, காற்றும் வெயிலும் அளவாய் வரும் இடம். காய்ந்த பழைய வீடு அது, ஒரு முனை உடைந்து வாசல் போலத் திறந்திருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பச்சை வீடுகளில் ஊசித் துளைகள் தோன்றின. ஒவ்வொரு துளையிலும் வெளுத்த சின்னத் தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவசரத்தில் கழற்றிய சட்டை மாதிரி. பக்கத்து இலையில் நுளம்பைவிடச் சின்ன ஈக்கள், கால் நடுங்க நின்றன. ஊதினால் போய்விடும். அவைதான் வீட்டுக்காரர் என்று அவள் சொன்னாள். அவை வீடு கட்டியவையல்ல என்று இப்போது தெரியும். ஈ தளிர்த்தண்டில் முட்டையிட, கொடிதான் அந்தப் புழுவுக்கு வீடும் கட்டிச் சாப்பாடும் கொடுத்து வளர்க்கிறது. அன்று அப்படி யாராவது சொல்லியிருந்தாலும் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

அதே துளைகளிலிருந்து இன்னொரு வகையும் வந்தது. பச்சையாய், மினுமினுத்து, இடுப்பு ஒடுங்கி, தலையை நிமிர்த்தி. எங்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அது கந்தோர்ப் பெரிய ஐயா. வீடு பார்க்க வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எழும்பி நின்று சலூட் அடித்தோம். உண்மையில் அது ஒரு குளவி. ஈயின் புழுவை உள்ளே வைத்தே தின்று தீர்த்துவிட்டு வெளியே வருகிற வகை. நாங்கள் சலூட் அடித்தது வீட்டுக்காரரைத் தின்றவருக்கு. இதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது தனியே இருந்து சிரித்தேன்.

வீடுகள் காலியாகக் காலியாகப் புது ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டாம் நம்பரில் எறும்புக் கூட்டம் ஒன்று வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு குடிபுகுந்தது. "பெரிய குடும்பம், அறை காணாது" என்று கொப்பியில் எழுதினேன். மூன்றாம் நம்பரில் ஒரு சிலந்தி. ஏழாம் நம்பரில்தான் எங்கள் செல்லம். இலையான் அளவுகூட இல்லாத ஒரு கறுத்த தேனீ. காலில் மஞ்சள் மா ஒட்டப் பறந்து வரும், வாசலில் ஒரு சுற்றுச் சுற்றும், பின்பக்கமாய்த் திரும்பி உள்ளே போகும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் வருகிறது என்று அவள் எண்ணுவாள், நான் எழுதுவேன்.

பிறகு பெரியவர்கள் கண்டுவிட்டார்கள்.

மாமிதான் முதலில் கண்டார். சுண்டலுக்குக் குருத்துப் பிடுங்க வந்தவர் கையை இழுத்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, ஓடி வாங்க. வேலிய பாருங்க. முழுக்க வீங்கிப் போய்க் கிடக்கு. இதைத் திண்டுதான் எங்கட புள்ளையளுக்கும் வந்திரிக்கு."

அம்மா இலையை விலக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. "ராத்தா, போன கிழமை முழுக்க இதைத்தானே சமைச்சுக் குடுத்தம்."

அன்றே முடிவாகிவிட்டது. இலை நஞ்சு. இனி யாரும் பிடுங்கக் கூடாது. அப்பா ஞாயிற்றுக்கிழமை நின்று முழு வேலியையும் வெட்டுவார். நான் அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"வெட்ட வேண்டாம் அப்பா. அதில ஆக்கள் இருக்கினம்."

"ஆர்?"

"ஏழாம் நம்பரில ஒரு தேனீ. பன்னிரண்டில எறும்பு."

அப்பா கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாய்ப் பார்த்தார். கந்தோரில் செய்வதுபோலவே ஓரத்தில் விரலை வைத்துப் படித்தார். "நல்லா வைச்சிருக்கிறாய். ஆனா எழும்பச் சொல்லி நோட்டீஸ் குடுத்தாச்சே" என்றார். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருவரும் வேலியடியில் கூடினோம். எனக்கு வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது. அவளுக்கு இன்னும் இருந்தது. அவள் இலைக்குள் ஓட்டை பிரித்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குச் சங்கிலியாலதானே வத்தினது?"

"ஓம்."

"அப்ப இதுக்கும் போடுவம். ஞாயித்துக்கிழமைக்குள்ள வீக்கம் வத்தினா ஏன் வெட்டப் போறாங்க?"

இப்போது எழுதும்போதும் அதில் பிழை கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. சங்கிலியைக் கழற்றி வேலிக்குள் கையை விட்டேன். அவள் அந்தப் பக்கத்திலிருந்து வாங்கி, ஏழாம் நம்பரில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொளுவியை மாட்டினாள். தேனீ வந்தது. புதிதாய் மினுங்கும் பொருளைச் சுற்றிப் பார்த்தது. பிறகு வழக்கம்போலத் திரும்பி உள்ளே போனது. பின்னேரம் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் அம்மாவுக்குத் தெரியாது என்பது எங்கள் திட்டம்.

நான் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்து நித்திரையாகிப் போனேன். கண்விழித்துப் பின் வளவுக்கு வந்தபோது எல்லாம் ஒரே வெளிச்சமாய் இருந்தது. வேலி இல்லை. நாலு வரி கம்பி மட்டும் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கத்தில் அவள் நின்றாள். பத்து நாளில் முதல் தடவையாக அவளை முழுதாய்ப் பார்த்தேன். ஒரு கன்னம் பெரிது, மற்றது சிறிது. பார்த்தவுடன் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மாமா ஜும்மாவுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, ஞாயிறுவரை ஏன் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கத்தியை எடுத்திருக்கிறார். அவளைப் பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் குடிக்கச் சொல்லி உள்ளே இருத்திவிட்டு வெட்டி, எல்லாவற்றையும் பின் ஒழுங்கையில் குவித்துவிட்டார்.

ஒழுங்கைக்கு ஓடினோம். குவியலில் மான்கள் நின்றன.

எங்கள் ஊருக்கு வந்திருந்தால் அந்த மான்களை உங்களுக்குத் தெரியும். மாடு மாதிரி றோட்டில் திரியும், கேட் திறந்திருந்தால் வளவுக்குள் வந்து வாழைத்தோல் கேட்கும். நாலு மான்கள் கொவ்வை இலையை நிதானமாய் மென்றுகொண்டிருந்தன. நாங்கள் துரத்தியதும் மூன்று விலகின. கொம்பு வைத்த ஒன்று மட்டும் வாயில் ஒரு கொடியோடு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்று, அதை முழுதாய் உள்ளே இழுத்துக்கொண்டது. குவியலைக் கிளறினோம். பதினைந்து வீடு கிடைத்தது. ஏழாம் நம்பர் இல்லை.

"முழுங்கிட்டு புள்ள" என்றாள்.

என்ன செய்திருப்பீர்கள்? நாங்கள் மானுக்குப் பின்னால் போனோம். தலையில் துணிக்கட்டோடு, எண்ணெய் வழிந்த முகத்தோடு, ஒழுங்கையைத் தாண்டி, றோட்டைத் தாண்டி, கோட்டைப் பக்கத்துப் புல்வெளிவரை. மான் படுத்தது. நாங்களும் தள்ளி இருந்தோம். மான் அசைபோட்டது. கச்சான் கடலை விற்கிறவர் தள்ளுவண்டியை நிறுத்தி எங்களையும் மானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பிள்ளையள், பிடிச்சுக்கொண்டு போகப் போறியளோ?"

"இல்ல காக்கா, அது பீ போடும் மட்டும் நிக்கிறம்" என்றாள் அவள்.

அவர் இரண்டு கடதாசிச் சுருளில் கச்சான் தந்துவிட்டுப் போனார். மெல்ல ஏலாமல் ஒவ்வொன்றாய் வாயில் வைத்து ஊறவிட்டோம். கடலிலிருந்து காற்று வந்தது. அம்மாவின் சங்கிலியை மான் தின்றுவிட்டது, நான் இனி வீட்டுக்குப் போக ஏலாது, கிண்ணியாவில் அவளுடைய சாச்சி வீட்டில் ஒளிந்திருக்கலாம் என்று பேசினோம். பயம்தான். ஆனால் அந்தப் பின்னேரத்தைப் போல ஒரு பின்னேரம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

மான் எழும்பி, எங்களுக்கு முன்னாலேயே தன் கடமையைச் செய்தது. தடியால் கிளறினோம். கறுத்த உருண்டைகள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பின் வளவில் நின்றார். என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு நிலத்தை, தோய்க்கிற கல்லடியை, கிணற்றடியை. "எங்க விழுந்தது? சொல்லு. நான் அடிக்க மாட்டன்" என்றார். நான் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து மண்ணைக் கையால் தடவிக்கொண்டு போனார். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மாமி வந்தார். ஒரு சுளகு, மேலே துணி மூடியிருந்தது. நேரே பார்க்காமல் வந்தார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லோணும். சிரிக்கக் கூடாது."

துணியை எடுத்தார். சுளகு நிறையக் கொவ்வைக் குருத்து.

"அவர் வெட்டிக் குவிச்ச உடன போய்ப் பிடுங்கினனான். மனசு கேக்கல்ல. எவ்வளவு நல்ல குருத்து. நஞ்செண்டு சொன்னவளும் நான்தான்" என்றார். குருத்தை விலக்கினார். உள்ளே ஒரு துண்டுத் தண்டு, நடுவில் வீக்கம், அதைச் சுற்றி இரண்டு சுற்றுச் சங்கிலி. "இது கிடந்திச்சு. இதத் தாறதெண்டா இலை பிடுங்கினதையும் சொல்லத்தானே வேணும். கொஞ்ச நேரம் யோசிச்சுப் பாத்தன். சொல்லாம ஏலாது."

அம்மா மாமியின் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். அடுப்பில் மூடியிருந்த சட்டியைத் திறந்தார். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மணந்தன. கொவ்வையிலைச் சுண்டல். மாமா வெட்ட வருவதைக் கண்டு அம்மாவும் எங்கள் பக்கத்தில் அவசரமாய்ப் பிடுங்கியிருக்கிறார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நிலத்தில் இருந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிறகுதான் மாமி கேட்டார், "அது சரி, கொடிக்கு ஆரு சங்கிலி போட்டது?" நாங்கள் சொன்னோம். அடி விழவில்லை. அம்மா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். ஆனால் மாமி சிரிப்பை நிறுத்திவிட்டு மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் வீங்கிய கன்னத்தை மெல்லத் தடவினார்.

மாமிக்கு அவளுக்கு முன்னே ஓர் ஆண் பிள்ளை இருந்தது, கழுத்தில் கட்டி வந்துதான் போனது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது அன்றே தெரிந்திருந்தது. பெரியவர்கள் மூடத்தனமாய் ஒரு வேலியைக் குற்றம் சாட்டினார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அவர்களுக்கு வெட்ட ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. வேலி கைக்கு எட்டியது.

ஏழாம் நம்பரை ஒரு ஜாம் போத்தலில் வைத்து வாயைத் துணியால் கட்டினோம். இரண்டு கிழமையின் பின், அவளுடைய கன்னமும் வற்றியிருந்த ஒரு காலையில், போத்தலுக்குள் மூன்று கறுத்த தேனீக்கள் நடந்தன. துணியை அவிழ்த்துவிட்டோம். கொவ்வைக்குக் கிழங்கு மண்ணுக்குள் இருந்ததால் அடுத்த மழைக்குக் கொடி மறுபடி கம்பியில் ஏறியது. குவாட்டர்ஸில்தான் பிறகு எத்தனையோ பேர் போனார்கள், எத்தனையோ பேர் வந்தார்கள். அந்த அப்பியாசக் கொப்பி எந்த இடப்பெயர்வில் போனதென்று தெரியாது. சங்கிலி மட்டும் என்னிடம் இருக்கிறது.

மகனின் கட்டியைக் கண்ட அன்று நான் முதலில் செய்தது குசினி அலுமாரியிலிருந்த நூடில்ஸ் பக்கற் எல்லாவற்றையும் குப்பையில் போட்டது. இரண்டாவது, அவனுடைய போனைப் பிடுங்கிப் பூட்டி வைத்தது. எனக்கும் வெட்ட ஏதோ வேண்டியிருந்தது. மூன்றாவதாகச் சங்கிலியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, நீங்கள் சயன்ஸ் ரீச்சர்."

"ஓம். குனி."

குனிந்தான். அந்தப் பதினொரு நாளும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தான். கிளினிக் வாங்கில் முடிவுக்குக் காத்திருந்தபோதுதான் இந்தக் கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். மான் பீ போட்ட இடத்தில் அவன் சிரித்த சத்தத்துக்குத் தாதி வந்து எட்டிப் பார்த்தார். முடிவைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் கிண்ணியாவுக்குப் போன் எடுத்தேன். "சங்கிலியக் கழட்டாத புள்ள, வத்தும் மட்டும் கிடக்கட்டும்" என்றாள் என் சிநேகிதி. அவளுக்கு இப்போது இரண்டு பேரப்பிள்ளைகள்.

இன்று காலை அவன் தேத்தண்ணி குடிக்க வந்தபோது கழுத்தில் சங்கிலி இல்லை. கட்டி இருந்த இடத்தைத் தொட்டேன். ஒன்றுமில்லை, மற்றப் பக்கம் போலவே இருந்தது.

"சங்கிலி எங்க?"

அவன் நாடியால் வெளியே காட்டினான். உப்புவெளியில் எங்கள் வீட்டு வேலியிலும் கொவ்வை படர்ந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். ஒரு தண்டில் விரல் மொத்தத்துக்கு ஒரு வீக்கம், அதைச் சுற்றி இரண்டு சுற்று.

"எனக்கு வத்தீட்டுது. இனி அதுக்கு" என்றான்.

எடுத்துவிடத்தான் கையை நீட்டினேன். பிறகு உள்ளே போய்க் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வேலியடியில் போட்டேன். இதை அங்கே இருந்துதான் எழுதுகிறேன். பின்னேரம் வரை கிடக்கட்டும். மானில்லாவிட்டாலும் இந்தப் பக்கத்தில் மாடுகள் திரிகின்றன.